படித்துக் காட்டுங்கள்

பேர் தையல்நாயகி.
வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பேர்.
வேலை, பிரசவ வார்டில் துடைப்பது, அள்ளுவது, அலசுவது.
நிரந்தரம் இல்லை சார், காண்ட்ராக்ட்.
சம்பளத்தை எழுதவேண்டாம்.
கையெழுத்துப் போடும் தொகை ஒன்று,
கையில் வரும் தொகை ஒன்று.
எழுதினால் அதற்கு வேறு ஒரு விசாரணை வைக்கவேண்டும்.

தேதி உங்கள் தாளில் இருக்கிறது.
எனக்குத் தெரிந்தது,
மேட்டூரில் திறந்த தண்ணீர்
முள்ளியாற்றுக்கு வந்து சேர்ந்த நாள்.
திருத்துறைப்பூண்டிப் பாலத்தில் நின்று
சனங்கள் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அவள் நாற்றங்காலில் இருந்து நேரே வந்தாள்,
முழங்கால்வரை சேறு காய்ந்துபோய்.
செங்கொடி என்று பேர் சொன்னாள்.
'உள்ளே என்ன, சங்கமா வச்சிருக்கே?' என்றார் சிஸ்டர்.
நானும் சிரித்தேன்.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒரு பலகை உண்டு.
பிரசவ நேரத்தில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று.
வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைப்பது நான்தான்.
அவள் தங்கையை வாசலுக்குத் தள்ளிக்
கொக்கி போட்டதும் நான்தான்.

அடித்தார்களா என்று கேட்டால் அடித்தார்கள்.
இரண்டு. வலது தொடையில்.
பிறகு ரத்தம் துடைக்கும்போது
விரல் பதிந்திருந்த இடத்தையும்
ஒருதடவை துடைத்துப் பார்த்தேன்.
போகவில்லை.

மரத்துப்போகும் ஊசி தீர்ந்துவிட்டது என்றார்கள்.
தீரவில்லை சார்.
அலமாரியில், பஞ்சு டப்பாவுக்குப் பின்னால், நாலு இருந்தது.
என்னைத் 'தையல்' என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள்.
தையல், காலைப் பிடி.
தையல், இன்னும் அழுத்திப் பிடி.
பிடித்தேன்.
ஆறு வரை எண்ணினேன்.
அப்புறம் அவள் கத்துவதை நிறுத்திவிட்டதால்
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

பெண் குழந்தை.
பையன் என்றால் ஐந்நூறு, பெண் என்றால் முந்நூறு.
வாங்கியது நான்.
அவள் புருஷன் லெனின்
பத்தும் இருபதுமாக எண்ணிக் கொடுத்தான்.
நோட்டெல்லாம் ஈரம்.
காட்டிக்கொடுக்க வந்தவள் என்று என்னைச் சொல்லட்டும்.
முதல் பேராக என் பேரையே போடுங்கள்.

சிஸ்டர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.
பதினொரு பிரசவம், ஒரே ஆள்.
அதையும் எழுதுங்கள்.
அறைக்குக் கீழே எழுதுங்கள், மேலே அல்ல.

வக்கீலம்மா வீட்டுக்கு வந்து சொன்னார்.
கண்ணியம் என்று ஒன்று இருக்கிறதாம்,
உயிரோடு இருக்கும் உரிமைக்கு உள்ளேயே
அதுவும் அடக்கமாம்.
வார்டுக் கதவுக்கு உள்ளேயும் செல்லுமாம்.
துடைக்கிறவளுக்கும் செல்லுமா என்றேன்.
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.
'செல்லும். கேட்டால்.'

இப்போது என்ன எழுதினீர்கள்?
படித்துக் காட்டுங்கள்.

'தகாத வார்த்தைகளால் திட்டியதாக.'

இல்லை சார்.
அடியுங்கள் அதை.
தகாத வார்த்தை என்றால் மாட்டைக்கூடச் சொல்வோம்,
வராத பஸ்ஸைச் சொல்வோம்.
அங்கே சொன்னது ஒரு வாக்கியம்.
நாலு கட்டிலுக்கும் கேட்டது.
'படுக்கும்போது இனிச்சுதா, இப்ப கத்துறே?'
ஒன்பது வருஷமாக
வலி கண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே அதே வாக்கியம்.
என் மகள் பிரசவத்துக்கு நானே கூட்டிப்போனேன்,
அவளுக்கும் அதுதான்.
அன்றைக்கு நான் வாளியை எடுத்துக்கொண்டு
வெளியே போய்விட்டேன்.

எழுதத் தயக்கமாக இருக்கிறதா?
மேலிடத்துக்குப் போகிற காகிதம் என்கிறீர்கள்.
அவள் காதுக்குப் போனது சார்,
அங்கிருந்து எங்கும் போகவில்லை.

எழுதிவிட்டீர்களா.
படியுங்கள்.

இனிச்சுதா என்ற இடத்தில்
உங்கள் குரல் தாழ்கிறது.
அவர் தாழ்த்தவில்லை.
ஃபேனை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை.

சரி. பேனாவைக் கொடுங்கள்.
ரேகை வேண்டாம், ஐந்தாவது வரை படித்திருக்கிறேன்.
முழுப்பேரும் போடுகிறேன்.
கோட்டில் இடம் போதாது,
ஓரத்தில் மடக்கி எழுதிக்கொள்கிறேன்.